வெளிச்சம் புகாத ஜாப்

ஃபிட்டர் படிப்பின் கடைசிப் பரீட்சைக்கு வரும் வேலை பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானது. உள்ளங்கை அகலத்தில் ஒரு விரல் தடிமனுக்கு ஓர் இரும்புத் தகடு கொடுப்பார்கள். அதன் நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை எடுக்க வேண்டும். இன்னொரு இரும்புத் துண்டையும் சதுரமாக்கி, அந்த ஓட்டைக்குள் போய் உட்காரும்படி செய்ய வேண்டும். ஓட்டை உள்ள தகட்டுக்குப் பெண் என்று பெயர், உள்ளே போகும் துண்டுக்கு ஆண். இரண்டும் சேர்ந்தது ஒரு ஜாப்.

இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். மெஷின் கிடையாது என்பதுதான் கஷ்டம். துளை போட்டு உளியால் வெட்டி எடுத்தபின், மிச்சத்தை எல்லாம் அரத்தால் கையிலேயே ராவிக் கொண்டுவர வேண்டும். மேலும், சதுரத்தை நான்கு விதமாகத் திருப்பிச் செருகலாம். எப்படிச் செருகினாலும் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், அழுத்தினால் வெளியே வர வேண்டும். செருகியபின் ஜாப்பை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் நான்கு ஓரங்களிலும் வெளிச்சம் தெரியக் கூடாது. ஒரு தலைமயிரின் பருமனில் பாதி இடைவெளி இருந்தால்கூட வெளிச்சம் கோடு போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும்.

கோவிந்தராஜின் ஜாப்பில் எப்போதும் ஒரு கோடு தெரியும். ராவும்போது அரம் இம்மியளவு முன்பக்கம் சாயும். அதை அவன் இரண்டு வருஷமாகத் திருத்திக்கொண்டிருந்தான். வகுப்பில் அவன் இரண்டாவது. முதலாவது குழந்தைவேலு.

அந்த எழுபத்தேழாம் வருஷம், இரண்டாவதாக வருவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. போர்ட் பிளேரில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் ஃபிட்டர் வேலை காலியாக இருந்தது. ஒரே இடம். பரீட்சையில் முதலாவதாக வருகிறவனை எடுத்துக்கொள்வதாகப் பட்டறைக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மற்றவர்கள் மெயின்லேண்டுக்குப் போய் வேலை தேடலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம்.

கோவிந்தராஜுக்கு வீடு என்பது போர்ட் பிளேரிலேயே ஜங்லிகாட்டில் மாமனார் வீட்டுப் பின்கட்டு. இருபத்தைந்து வயது, கல்யாணம் ஆகி மனைவி ருக்கு முழுகாமல் இருக்கிறாள். மாமனார் திருநாவுக்கரசு லாரி வைத்து ரோடு காண்ட்ராக்ட் எடுப்பவர். சாப்பாட்டு நேரம்தான் அவருக்குப் பேச்சு நேரம்.

"என்ன மாப்ளே, இன்னிக்கு எவ்வளவு தேய்ச்சீங்க?" என்பார், ரசத்தைப் பிசைந்துகொண்டே. "ரெண்டு வருஷமா ராவுறீங்க. இந்நேரம் மவுண்ட் ஹேரியட்டையே ராவி சமதரையாக்கியிருக்கலாம். நமக்கும் ஒரு காண்ட்ராக்ட் மிச்சம்."

"அப்பா, விடுங்கப்பா," என்பாள் ருக்கு.

"நான் என்னத்தைச் சொல்லிட்டேன்? ஃபர்ஸ்ட்டா வந்தா கவர்மெண்ட் மாப்ளே. வரலைன்னா லாரில கிளீனரா ஏறிக்கட்டும். 'மாப்பிள்ளை கிளீனர்'னு முன்னால போர்டு எழுதிடலாம். பஜார்ல மரியாதையா வழி விடுவான்."

அவர் சொன்னால் செய்வார். லாரியில் கிளீனர் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். ஆகவே கோவிந்தராஜுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. முதலாவதாக வர வேண்டும்.

குழந்தைவேலு கச்சால் தீவிலிருந்து வந்தவன். சிலோனில் தோட்டத்தில் இருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பம். கச்சாலில் அரசாங்கம் போட்ட ரப்பர் தோட்டத்தில் அப்பா, அம்மா இருவரும் பால் வெட்டுகிறார்கள். இருபது வயது, ஒல்லி. அவனிடம் அரம் கொடுத்தால் தண்ணீர்மட்டம் வைத்ததுபோல் போய் வரும். பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

ஆனால் அவன் கையில் ஒரு கோளாறு இருந்தது. அது தெரியவந்தது முதல் வருஷம் இரண்டாவது வாரத்தில்.

திங்கட்கிழமை காலை, வாத்தியார் சிவஞானம் அளவெடுக்கும் வெர்னியரைப் பெட்டியிலிருந்து எடுத்தார். பளபளவென்று இருக்க வேண்டிய எஃகின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. மை ஒற்றி எடுத்ததுபோல் சுழி சுழியாக, துருவிலேயே வரைந்திருந்தது. சிவஞானம் கத்தவில்லை. வகுப்பில் இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு நம்பர் குத்திய பளபளப்பான இரும்புத் துண்டு கொடுத்தார். கெட்டியாகப் பிடித்துவிட்டு மேஜை மேல் வைக்கச் சொன்னார். மறுநாள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். பதினோராம் நம்பர் துண்டில் ஐந்து விரலும் பழுப்பாகப் பதிந்திருந்தன.

"யாருடா பதினொண்ணு?"

குழந்தைவேலு கையைத் தூக்கினான்.

"தூக்காதேடா அந்தக் கையை! காத்துலகூட ஜங் பிடிச்சிரும்."

வகுப்பு சிரித்து உருண்டது. ஹிந்தியில் துருவுக்கு ஜங். அன்று முதல் அவன் பெயர் ஜங். பெங்காலிப் பையன்கள் 'ஜங் பாபு' என்றார்கள். சாப்பாட்டு வரிசையில் அவன் தொட்ட தட்டை யாராவது எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். சிவஞானம் ஒரு ஜோடி காலுறை வாங்கிவந்து, அளவுக் கருவிகளைத் தொடும்போது கையில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். காலுறை மாட்டிய கையால் வெர்னியரின் சின்ன திருகைத் திருப்ப முயன்று அது நழுவி விழும்போதெல்லாம் அவருக்கு ஒரு சந்தோஷம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. எல்லோர் வியர்வையிலும் உப்பு உண்டு. சிலருக்கு உப்பும் புளிப்பும் கூடுதலாக இருக்கும், வியர்வையும் நிற்காமல் கசியும். அந்தமானில் காற்றே ஈரம், அதிலும் கடலுப்பு. மெட்ராஸில் ஒரு வாரம் எடுக்கும் வேலையை அந்த விரல் இங்கே ஒரே நாளில் முடித்துவிடும்.

குழந்தைவேலு அடுத்த விடுமுறையில் கச்சாலுக்குப் போய்விட்டு ஒரு பாட்டிலுடன் திரும்பினான். மூடியைத் திறந்தால் மூக்கில் சுள்ளென்று ஏறியது. உள்ளே ரப்பர் பால், உறைந்துவிடாமல் இருக்க அமோனியா கலந்தது. விரல் நுனிகளை அதில் முக்கி எடுத்து ஊதினான். வெள்ளையாக இருந்த பால் மெல்ல மெல்லக் கண்ணாடியாக மாறி, விரலோடு ஒட்டிய தோல் மாதிரி ஆகிவிட்டது.

"என்னடா இது?" என்றான் கோவிந்தராஜ்.

"ரப்பர்தாண்ணே. எங்க பக்கம் பால் வெட்டுற ஆளுங்களுக்கு விரல்ல தானா அப்பிக்கும். உரிக்க உரிக்க வரும். எனக்கு அப்ப அது சனியனா இருந்துச்சு." சிரித்தான். "இனி என் வேர்வை வெளிய வராது, பாருங்க."

உண்மையாகவே வரவில்லை. மெல்லிய உறை என்பதால் இரும்பின் மேடுபள்ளம் விரலுக்குத் தெரிந்தது. பையன்கள் 'நிப்பிள் மாட்டிக்கிட்டு வந்துட்டான்டா' என்று கேலி செய்தார்கள். ஆனால் அவன் ஜாப்பில் துரு நின்றுபோயிற்று, மார்க் ஏறிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜங்லிகாட்டுக்கு வந்து ருக்கு கையால் சாப்பிடுவான். சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, கோவிந்தராஜின் அரம் எந்த இடத்தில் சாய்கிறது என்று சொல்லிக்கொடுப்பான். "முழங்கைய இடுப்போட ஒட்டி வையுங்கண்ணே. தோள்தான் போகணும், மணிக்கட்டு தூங்கணும்." அப்படிச் செய்துதான் கோவிந்தராஜ் ஆறாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்தான்.

பரீட்சை ஜூலையில் வந்தது. ஜாப் செய்து முடிக்கும் நாளை மேலிடத்தில் குறித்துவிட்டார்கள். மார்க் போடும் எக்ஸாமினர் மெட்ராஸிலிருந்து கப்பலில் வருவார். கப்பல் எப்போது வரும் என்பதை மழைதான் சொல்ல வேண்டும். முடித்த ஜாப்புகளை நம்பர் குத்தி, எண்ணெய் போட்டு, அலமாரியில் பூட்டி வைப்பார்கள். அவர் வந்து அளந்து பார்த்து மார்க் போடுவார்.

ஜாப்புகளை வைப்பதில் சிவஞானத்துக்கு ஒரு முறை உண்டு. முன்பு ஒரு வருஷம் ஆணும் பெண்ணும் ஜோடி மாறிப்போய்ப் பெரிய ரகளை ஆனதாம். ஆகையால் எல்லா ஜாப்பையும் செருகிய நிலையிலேயே வைக்க வேண்டும். யாரும் கழற்றக் கூடாது. மேலே மட்டும் எண்ணெய் தடவ வேண்டும்.

பரீட்சை அன்று காலை சிவஞானம் குழந்தைவேலுவின் கையைப் பார்த்தார்.

"உரிடா அதை."

"சார், என் கை…"

"ஃபிட்டருக்கு விரல்தான் கேஜ், அதுதான் அளவுகோல். விரல்ல உறை போட்டவன் ஜாப்பை நான் வாங்க மாட்டேன். நாளைக்கு எக்ஸாமினர் என்னைக் கேட்பாரா, உன்னைக் கேட்பாரா?"

அவன் பத்து விரல்களிலும் ரப்பரை உரித்துப் போட்டான். சுருண்டு சுருண்டு மேஜை மேல் கிடந்தது. பிறகு வெறும் கையால் ராவினான். வழக்கமாக ஒரு தடவை ஒத்திப் பார்க்கும் இடத்தில் மூன்று தடவை கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். இரும்பைக் கவ்வும் பக்கத்து வைஸின் முன் நின்ற கோவிந்தராஜுக்கு அவனுடைய அரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. தடுமாற்றமே இல்லாத சத்தம். மணி அடித்தபோது அவன் ஆணைப் பெண்ணுக்குள் செருகி, மண்ணெண்ணெயில் துடைத்து, நம்பர் குத்தி மேஜையில் வைத்தான்.

வெளியே வந்ததும் கோவிந்தராஜின் கையைப் பிடித்துக்கொண்டான். கோவிந்தராஜ்தான் வகுப்பு லீடர். அலமாரிச் சாவி அவனிடம்தான் இருக்கும், ஜாப்புகளுக்கு எண்ணெய் போடுவதும் அவன் பொறுப்பு.

"அண்ணே, ஒரு உதவி. என் ஜாப்புக்குள்ள என் வேர்வை இருக்கு. மண்ணெண்ணெய்ல அது போகாது. மண்ணெண்ணெய்ல உப்பு கரையுமா? கரையாது. தண்ணியிலதான் கரையும்."

"இரும்புல தண்ணியா?"

"சுடுதண்ணிண்ணே. அதுல சலவை சோடா கொஞ்சம் போட்டு, ஜாப்பைக் கழட்டி, ரெண்டையும் நல்லா அலசி, உடனே துணியில துடைச்சு அடுப்புப் பக்கம் காயவச்சிருங்க. சோடாத் தண்ணியில துரு பிடிக்காது. அப்புறமா எண்ணெய். நான் பழைய துண்டுல எத்தனையோ தரம் செஞ்சு பாத்துட்டேன். அலசாம எண்ணெய் போட்டா, எண்ணெய் மேல மூடி போட்ட மாதிரி ஆயிரும். உள்ள உப்பு அது பாட்டுக்குத் திங்கும்."

"சார் கழட்டக் கூடாதுன்னாரே."

"அவருக்குத் தெரியாமத்தாண்ணே. உங்களத் தவிர யாரும் அலமாரியத் தொறக்க முடியாது. நான் கச்சாலுக்குத் திரும்பிப் போக மாட்டேண்ணே. விடியறதுக்கு முன்ன நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு அந்த ரப்பர் மரத்தைச் சுத்தி வர்றதுக்கு நான் ரெண்டு வருஷம் இங்க செருப்படி வாங்கல."

"செய்யறேன்டா. போய்ச் சாப்பிடு."

சொன்னபோது கோவிந்தராஜ் செய்வதாகத்தான் இருந்தான். மறுநாள் காலை ருக்குவிடம் சலவை சோடா கேட்டு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டான். பயிற்சிக் கூடத்தின் பின்னால் சாயா போடும் அடுப்பில் வெந்நீர் இருந்தது. அலமாரியைத் திறந்து பதினோராம் நம்பரை எடுத்தான். கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான்.

வெளிச்சம் இல்லை. நாலு ஓரமும் ஒரே இருட்டு. தகடும் துண்டும் ஒரே வார்ப்பில் வந்ததுபோல் இருந்தது. நடுவில் கோடு இருக்கிறது என்று தெரிந்தவன்தான் கோட்டைக் கண்டுபிடிக்க முடியும்.

தன்னுடையதை எடுத்துப் பிடித்தான். ஒரு பக்கம் ஊசி மாதிரி வெளிச்சம் வந்தது.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சோடாப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, எண்ணெய்ப் பிரஷ்ஷை எடுத்து, முதல் நம்பரிலிருந்து கடைசி வரைக்கும் வாத்தியார் சொன்னபடியே மேலே தடவினான். பதினோராம் நம்பருக்கும் தடவினான். ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கப்பல் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மெட்ராஸில் கப்பல் புறப்படுவது தள்ளிப்போகிறது என்று துறைமுக ஆபீசில் எழுதிப் போட்டார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை கோவிந்தராஜ் அலமாரியைத் திறந்து எண்ணெய் போட்டான்.

துருவைப் பற்றி ஒரு விஷயம் உண்டு. இரும்பு துருவாக மாறும்போது அதே இடத்தில் அடங்கி இருக்காது. முன்பிருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். பழைய ஜன்னல் கம்பி சிமெண்டைப் பிளந்துகொண்டு வெளியே வருவது அதனால்தான். தளர்ந்த ஜாப்பில் துரு பிடித்தால் அதற்கு உப்ப இடம் இருக்கிறது. கழற்றித் தட்டினால் உதிர்ந்துவிடும். மயிரிழையில் பாதிகூட இடம் இல்லாத ஜாப்பில் துரு எங்கே போகும்? இரண்டு பக்கத்தையும் நெட்டித் தள்ளி, ஆப்பு அடித்ததுபோல் இறுகிக்கொள்ளும். எவ்வளவு நல்ல பொருத்தமோ அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இந்தக் கணக்கில் மோசமாக ராவினவன் தப்பித்தான்.

இரண்டாவது வாரம், பதினோராம் நம்பரில் கண்டுபிடிக்கவே முடியாமல் இருந்த கோடு இப்போது தெரிந்தது. பழுப்பாக, பேனாவால் இழுத்ததுபோல் நான்கு பக்கமும். கோவிந்தராஜ் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். கரகரவென்று இம்மி நகர்ந்தது. இப்போது கழற்றி அலசினாலும் காப்பாற்றிவிடலாம். மேல்துரு மண்ணெண்ணெய்த் துணிக்கே போய்விடும்.

அவன் அழுத்தியதை மறுபக்கத்திலிருந்து அழுத்தி, இருந்த இடத்துக்கே கொண்டுவந்தான். எண்ணெய் போட்டான். பூட்டினான்.

அன்று சாயங்காலம் குழந்தைவேலு ஹாஸ்டல் வாசலில் நின்றான். "அண்ணே, என் ஜாப் எப்படியிருக்கு?"

"மாப்பிள்ளை மாதிரி இருக்கு. போடா."

கடைசியில் எக்ஸாமினர் பக்தவத்சலம் வந்து இறங்கினார். கப்பலில் வாந்தி எடுத்து எடுத்து முகம் வெளுத்திருந்தது. அதே கப்பலில் திரும்ப வேண்டும் என்று அவசரத்தில் இருந்தார். நல்ல மனுஷர்தான். ஒவ்வொரு ஜாப்பையும் கையில் எடுத்து, ஆணைத் தள்ளிக் கழற்றி, நான்கு விதமாகத் திருப்பிச் செருகி, வெளிச்சத்தில் பிடித்து, வெர்னியரால் அளந்து மார்க் போட்டார். பையன்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.

பத்து முடிந்தது. பதினொன்றை எடுத்தார். அழுத்தினார், வரவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். மரச்சுத்தியால் தட்டினார்.

"என்ன சார் இது? வெல்டிங் பண்ணிட்டாங்களா?"

சிவஞானம் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நம்ம ஜங் பாபு சார். இவன் கை பட்டா இரும்புக்கு ஆயுசு கம்மி."

குழந்தைவேலு ஓரடி முன்னால் வந்துவிட்டான்.

"எல்லா ஜாப்பும் ஒரே அலமாரியிலதானே இருந்தது?" என்றார் பக்தவத்சலம். "எண்ணெய் போட்டது யாரு?"

"நான்தான் சார்," என்றான் கோவிந்தராஜ். "எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் சார் போட்டேன்."

அது உண்மை. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

குழந்தைவேலு அவன் பக்கம் திரும்பினான். "அண்ணே, நான் உங்கள்ட்ட சொன்னதச் சார்ட்ட சொல்லுங்கண்ணே."

"என்னப்பா சொன்னான்?" என்றார் பக்தவத்சலம்.

எல்லோரும் கோவிந்தராஜைப் பார்த்தார்கள். உப்பு எதில் கரையும், எதில் கரையாது, சோடா என்ன செய்யும், எண்ணெய் எப்படி மூடியாகும் என்று அவனுக்கு இப்போது வரிக்கு வரி தெரியும். சொன்னால் பக்தவத்சலம் கேட்பார். கேட்கிற மனுஷர்தான். ஒரு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பார்க்கலாம் என்றுகூடச் சொல்வார்.

"ஜாப்புல தண்ணி ஊத்தச் சொன்னான் சார்," என்றான் கோவிந்தராஜ்.

இரும்புப் பட்டறையில் தண்ணீர் என்றால் என்ன என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். குடிக்கிற டம்ளரைக்கூட வைஸ் பக்கம் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் சிரிப்பு ஓர் ஓரத்தில் ஆரம்பித்து, தகரக் கூரை அதிர்கிற மாதிரி எழுந்தது.

"தண்ணியா?" பக்தவத்சலம் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்பா, நீ அப்படியா சொன்னே?"

"ஆமா சார், தண்ணிதான் சார். ஆனா சுடுதண்ணி… சலவை சோடா போட்டு…"

"அரே, கொஞ்சம் சாயாத்தூளும் போட்டிருக்கலாமே!" என்றான் யாரோ பின்னாலிருந்து.

"ஏண்டா, குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தொட்டில்ல போட வேண்டியதுதானே?" என்றார் சிவஞானம்.

இதற்குப் பக்தவத்சலமே சிரித்துவிட்டார். குழந்தைவேலு இன்னும் பேசிக்கொண்டிருந்தான். உப்பு, மண்ணெண்ணெய், கரையாது என்று ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் சிரிப்பு கூடியது. கடைசியில் அவன் வாய் மட்டும் அசைந்தது.

பக்தவத்சலம் ஜாப்பை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு அடங்கி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ராவினது யாரா இருந்தாலும் கை நல்ல கை," என்றார் மெதுவாக. "ஆனா கழட்ட முடியாத பொருத்தத்தை நான் எப்படி அளக்கறது? ரூல்ல இடம் இல்லையே." இரும்புச் சுத்தியல் கேட்டு வாங்கி, பித்தளைத் துண்டு ஒன்றை ஆணின் மேல் வைத்து ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் பித்தளை வழுக்கி, சுத்தியல் தகட்டின் மூலையில் விழுந்தது. மூலை நசுங்கியது. ஆண் அசையவில்லை. பேனாவை எடுத்து மார்க் எழுதும் இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

கோவிந்தராஜின் ஜாப் வழவழவென்று கழன்றது. ஒரு பக்கம் வெளிச்சம் வந்தது. "பரவாயில்லை," என்றார் பக்தவத்சலம். கடைசியில் பார்த்தபோது அதைவிட நல்ல ஜாப் அந்த மேஜையில் இல்லை.

பையன்கள் கோவிந்தராஜைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பட்டறையில் சேர்ந்ததும் எங்களுக்கெல்லாம் பிரியாணி என்றார்கள். சிவஞானம் தோளில் தட்டினார். மாமனாரின் முகம் இன்றைக்குச் சாப்பாட்டில் எப்படி இருக்கும் என்று நினைத்தபோது கோவிந்தராஜுக்கு வயிற்றுக்குள் ஏதோ இனிப்பாக இறங்கியது. முகம் கழுவலாம் என்று கூடத்தின் பின்பக்கம் போனான்.

குழந்தைவேலு அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நசுங்கிய ஜாப்பை அவனிடமே கொடுத்துவிட்டிருந்தார்கள். மடியில் இருந்தது. அழவில்லை. கோவிந்தராஜைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உண்மையச் சொல்லுங்க. அலசினீங்களா?"

இல்லை என்று சொன்னால் இவன் நேரே உள்ளே போவான். பக்தவத்சலம் இன்னும் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஜீப் வர நேரம் இருக்கிறது. சிரிப்பு இல்லாத இடத்தில் இவன் சொல்வதை அவர் நின்று கேட்டால்?

"அலசினேன்டா," என்றான் கோவிந்தராஜ்.

"சோடா போட்டா?"

"ருக்குகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். அவளையே கேளு. சுடுதண்ணியில போட்டு, கழட்டி, துடைச்சு, அடுப்புல காயவச்சு, நீ சொன்ன மாதிரியே. ஒரு தரம் இல்ல, ரெண்டு தரம்."

குழந்தைவேலு அவனையே பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்ததால் கோவிந்தராஜ் மேலும் பேசினான்.

"நீ சொன்னது மத்தவங்களுக்குச் சரியா இருக்கலாம். உன் கைக்கு அதெல்லாம் போதலடா. அதுக்கு மேல என்ன செய்யறது? உள்ள எல்லார் முன்னாலயும் இதைச் சொன்னா உனக்குத்தான் அசிங்கம்னு தண்ணியோட நிறுத்திட்டேன். நான் அண்ணனா சொல்றேன். இனிமே இரும்புப் பக்கம் போகாதே. ஊர்ல வேற ஏதாவது பாரு."

குழந்தைவேலு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். புறங்கை, உள்ளங்கை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு வருஷமாக சிவஞானமும் வகுப்பும் சொல்லிக்கொண்டிருந்ததை அவன் ஒரு நாள்கூட நம்பியதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், காரணம் தெரிந்தால் வழி இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது நம்பிவிட்டான். அது அவன் தோளில் தெரிந்தது.

ஜாப்பைச் சுவரோரம் கழிவு இரும்புக் குவியலில் வைத்தான். வீசவில்லை, வைத்தான்.

"மன்னிச்சுக்குங்கண்ணே," என்றான். "நீங்க அலசாம விட்டுட்டீங்களோன்னு ஒரு நிமிஷம் உங்களச் சந்தேகப்பட்டுட்டேன். அண்ணிகிட்ட தேங்க்ஸ் சொல்லிருங்க, சோடா குடுத்ததுக்கு."

"பரவாயில்லடா," என்றான் கோவிந்தராஜ்.

கச்சால் பக்கம் போகும் கப்பல் அந்த வாரமே இருந்தது.